ட்ரிபிள்தான் கஷ்டம், மாமா: பேஸ்பால் ஹிட்டுகளை எடை போடுவது எப்படி

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் மூன்று பேஸ்களைத் தொட்டுச் சுற்றி, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே ஓடி வரவேண்டும். ஒரே அடியில் எவ்வளவு தூரம் ஓடினார் என்பதை வைத்து, சிங்கிளுக்கு ஒரு பேஸ், டபுளுக்கு இரண்டு, ட்ரிபிளுக்கு மூன்று, ஹோம் ரன்னுக்கு நான்கு. கணக்கு இப்படி ஏறிக்கொண்டே போவதால் கஷ்டமும் இதே படியில்தான் ஏறும் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் மாமனார் அப்படித்தான் நினைத்தார். காலேஜ் காலத்திலிருந்து கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவர் அவர். எங்கள் பக்கத்து டீமான டெட்ராய்ட் டைகர்ஸ் ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது ஹோம் ரன்னுக்கு மட்டும் கை தட்டுவார். ஒருத்தர் மூச்சிரைக்க ஓடிவந்து மூன்றாவது பேஸில் மண்ணோடு மண்ணாகப் பாய்ந்து விழுந்தால், "ஒண்ணு குறைஞ்சு போச்சேம்மா" என்பார்.

"குறையல மாமா, இதுதான் அபூர்வம்" என்று சொல்லி 2019 கணக்கை எடுத்துக் காட்டினேன். அந்த சீசனில் அமெரிக்காவின் முதல்தரப் போட்டியான மேஜர் லீக்கில் விழுந்த ஹோம் ரன் 6,776. அதற்கு முன் எந்த சீசனிலும் அத்தனை விழுந்ததில்லை. அதே சீசனில் டபுள் 8,500-க்கு மேல், சிங்கிள் சுமார் 26,000. ட்ரிபிள் 800-ஐக்கூடத் தொடவில்லை. ஒரு ட்ரிபிளுக்கு எட்டு ஹோம் ரன்னுக்கு மேல் என்று ஆகிறது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அபூர்வம் என்பதாலேயே கஷ்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. இது எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிக்கிற விஷயம் இல்லை. ஒவ்வொரு ஹிட்டையும் பார்த்த கையோடு எடை போட நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் மகன் எங்கள் டவுன் டீமில் ஆடுகிறான், ஸ்கோர் புத்தகம் என் பொறுப்பு. "யாராவது ஸ்கோர் எழுத முடியுமா?" என்று கோச் கேட்டபோது மற்ற அப்பா அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிட்டது. அப்படிக் கிடைத்த வேலை. புத்தகத்தில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஹிட் விழுந்தால் கட்டத்தின் மூலையில் பென்சிலால் தமிழில் ஒரு எழுத்து போட்டுவைப்பேன். பந்தை அடித்த விதத்தாலேயே கிடைத்த ஹிட் என்றால் "கை". ஓட்டத்தால் கிடைத்தது என்றால் "கா", அதாவது கால். மைதானத்தின் அமைப்பு தந்தது என்றால் "இ", அதாவது இடம். ஃபீல்டர் கோட்டைவிட்டதாலோ பந்து எக்குத்தப்பாகத் துள்ளியதாலோ வந்தது என்றால் "த", தயவு. பெரும்பாலான ஹிட்டுகளில் இரண்டு எழுத்து சேர்ந்தே வரும். பக்கத்தில் உட்காரும் அமெரிக்க அம்மா ஒருத்தர் இது ஏதோ ரகசிய சைகை என்று இன்னமும் நம்புகிறார்.

முதலில், பந்து பேட்டில் படுவதே பெரும்பாடு

வகை பிரிப்பதற்கு முன்னால், மேஜர் லீக்கில் எந்த ஹிட்டுமே சுலபம் இல்லை என்பதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பந்தெறியும் பிட்ச்சர் நிற்கிற ரப்பர் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடிதான். அதற்குள் பந்தைப் பார்த்து, நேராக வருகிறதா, வளைகிறதா, விழுகிறதா என்று முடிவு செய்து, பேட்டைச் சுற்றவும் வேண்டும். பேட்டின் தடித்த பகுதியே அதிகபட்சம் 2.61 அங்குலம். பேட்டும் உருண்டை, பந்தும் உருண்டை. கால் அங்குலம் மேலே கீழே பட்டாலும் பந்து போகிற கோணம் மாறிவிடும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே சிங்கிள் என்றால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு எதிர்முனைக்கு ஓடுவது. கஷ்டமாக இருந்தால் ஓடாமலே நிற்கலாம், பந்தைப் பின்னாலும் திருப்பிவிடலாம். இங்கே அந்த வசதி எதுவும் கிடையாது. முதல் பேஸ் கோட்டுக்கும் மூன்றாவது பேஸ் கோட்டுக்கும் நடுவில் உள்ள கால்வட்டத்துக்குள் பந்து விழவேண்டும், விழுந்தால் ஓடியே ஆகவேண்டும். தரையில் உருட்டி அடித்தாலும் ஃபீல்டர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்துவிட்டால் அவுட். 2024-ல் மேஜர் லீக் முழுவதற்குமான பேட்டிங் சராசரி .243. அதாவது உலகத்தின் தலைசிறந்த பேட்டர்கள் நான்கு முறை முயன்றால் ஒரு ஹிட்கூட முழுசாக வரவில்லை. ஆக, ஒரு சாதாரண சிங்கிளே பேட்டர் ஜெயித்த ஒரு தருணம்தான்.

அடுத்து, யாருக்கு எதிராக அடித்தார் என்று பார்க்கவேண்டும். எங்கள் டைகர்ஸ் பிட்ச்சர் டாரிக் ஸ்கூபல் 2024-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கினார். வேகப் பந்துக்கு நடுவில் அவர் சேஞ்ச் அப் ஒன்றைக் கழற்றிவிடுவார். கை வேகம் அதே, பந்து மட்டும் தாமதமாக வரும். ஸ்டிரைக் இரண்டு ஏறி, இன்னும் ஒன்று விட்டால் அவுட் என்ற நிலையில் அந்தப் பந்தை, பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டுக்கு மேலே தூக்கிவிட்டு முதல் பேஸுக்கு ஓடிப்போய் நிற்கிற ஆளுக்கு, நடுவில் நேராக வந்த சோப்ளாங்கிப் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்புகிறவரைவிட அதிக மார்க் போடுவேன். அதனால் ஹிட்டைப் பார்ப்பதற்கு முன் பலகையில் ஸ்டிரைக் எத்தனை, பால் (அடிக்கத் தோதில்லாத இடத்தில் வந்த பந்து) எத்தனை என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சிங்கிளைப் பிரித்துப் பார்ப்பது

சிங்கிள் என்பது ஒரே பெயரில் ஓடும் நாலைந்து தனித்தனி ஹிட். எனக்கு எழுதுவதற்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

பந்து பேட்டிலிருந்து கிளம்பும் கோணத்தை முதலில் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே என்றால் கிரவுண்டர், 10 முதல் 25 வரை லைன் டிரைவ், 25 முதல் 50 வரை ஃப்ளை பால், அதற்கு மேல் பாப் அப். மேஜர் லீக் அளவுகோல் இதுதான். மைதானத்தில் யாரும் கோணமானி வைத்துக்கொண்டு உட்காரப்போவதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் கண்ணுக்கே பிடிபட்டுவிடும். லைன் டிரைவ் சிங்கிளுக்கு யோசிக்காமல் "கை" போட்டுவிடலாம். பந்தை நடுமையமாகப் பிடித்து அடித்ததால் வந்தது அது.

பேஸ்கள் பக்கம் நிற்கும் இன்ஃபீல்டருக்கும் தூரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்கும் நடுவில் பொத்தென்று விழுகிற அரைகுறை அடியை இங்கே ப்ளூப்பர் என்பார்கள். அது "த". பேட்டர் தப்பாகத்தான் அடித்தார், பந்து சரியான இடத்தில் விழுந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் இரண்டும் ஒரே சிங்கிள்தான்.

கிரவுண்டர் சிங்கிளில்தான் நுணுக்கம் அதிகம். ஸ்கோர் எழுதும்போது ஃபீல்டர்களுக்கு எண் உண்டு. மூன்றாவது பேஸ்காரர் 5, அவருக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கும் சந்துக்கு 5.5 என்று பெயர் வைத்து, பந்தை அதன் வழியாக விட்டுவிட்டே வாழ்ந்தவர் சான் டியேகோவின் டோனி க்வின். இடது கை பேட்டர். அவர் பலம் முழுவதும் வலது பக்கம் இழுத்து அடிக்கத்தான் தோது, ஆனால் அவரோ பந்தைக் கொஞ்சம் தாமதமாக விட்டு எதிர்ப்பக்கம் ஓட்டுவார். மொத்தம் 3,141 ஹிட், லீகிலேயே உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் எட்டு முறை, 1994-ல் சராசரி .394. எதிர்ப்பக்கம் போகும் சிங்கிளை அதனால் நான் ஒரு படி மேலேயே வைப்பேன். பந்தை அரை அடி கூடுதலாக உள்ளே வரவிடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும், கையில் அவசரம் இருக்கக்கூடாது. டைகர்ஸ் ஆட்டக்காரர் மிகேல் கப்ரேராவின் 3,000-வது ஹிட்டும், 2022 ஏப்ரல் 23 அன்று இங்கே டைகர்ஸ் மைதானமான கொமெரிக்கா பார்க்கில், வலது பக்கமாகப் போன ஒரு சிங்கிள்தான். அவர் வலது கை ஆட்டக்காரர். வாண வேடிக்கைக்குத் தயாராக வந்த கூட்டம் ஒரு சிங்கிளுக்கு எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

இன்ஃபீல்டைத் தாண்டாத சிங்கிள் என்றால் ஸ்டாப்வாட்ச் எடுங்கள், செல்போனில் உள்ளதே போதும். ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி. பேட்டில் பட்ட சத்தத்தில் தொடங்கி பேஸில் கால் படும்போது நிறுத்துங்கள். வலது கை பேட்டருக்கு 4.3 விநாடி வாக்கில் வந்தால் சராசரி, 4 விநாடிக்குப் பக்கத்தில் வந்தால் அசாத்தியம். இடது கை பேட்டர் முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு பக்கத்திலேயே நிற்பதால் அவருக்கு அதுவே ஒரு சலுகை. இச்சிரோ சுசூகி அடித்து முடிப்பதற்குள்ளேயே உடம்பை முதல் பேஸ் பக்கம் சாய்த்திருப்பார். 2004-ல் அவர் அடித்த 262 ஹிட் இன்றுவரை ஒரு சீசனுக்கான சாதனை. அதில் 225 சிங்கிள். அதற்கு முந்தைய சாதனை, ஜார்ஜ் சிஸ்லரின் 257, 1920-லிருந்து அசையாமல் இருந்தது. "சிங்கிள்தானே" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் இந்த இரண்டு வருடங்களையும் சொல்லுங்கள்.

நம் காலத்தில் லூயிஸ் அராயெஸ் இருக்கிறார். 2022-ல் மினசோட்டா, 2023-ல் மயாமி, 2024-ல் சான் டியேகோ என்று மூன்று வருடம் மூன்று டீமில் பேட்டிங் பட்டம் வாங்கியவர். 2024-ல் அவர் அடித்த ஹோம் ரன் மொத்தமே 4. ஸ்டிரைக் அவுட் ஆவதே அரிது. பலமாக அடிக்கவும் மாட்டார், வேகமாக ஓடவும் மாட்டார். அவர் சிங்கிள்கள் எல்லாம் சுத்தமான "கை".

பன்ட் சிங்கிளை மறக்கக்கூடாது. பேட்டைக் குறுக்கே பிடித்து, 95 மைல் பந்தை மூன்றாவது பேஸ் கோட்டோரமாகச் செத்துப்போய் நிற்க வைக்கவேண்டும். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். என் மகன் டீமில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தும் பாதிப் பேர் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள். "கை", "கா" இரண்டும் போடவேண்டிய ஹிட் இது.

சரி, "த" எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2010 ஜூன் 2, கொமெரிக்கா பார்க். டைகர்ஸ் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா க்ளீவ்லாண்டின் 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார். இன்னும் ஒருவர் அவுட்டானால் பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடாத ஆட்டம். ஜேசன் டானல்ட் தரையோடு அடித்தார். கப்ரேரா பந்தை எடுத்து, முதல் பேஸை மூட ஓடிவந்த கலராகாவிடமே எறிந்தார். கலராகாவின் காலும் பந்தும் டானல்டை முந்திவிட்டன, ஆனால் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்று கையை விரித்தார். ரீப்ளே பார்த்த பிறகு அவரே தன் தவறை ஒப்புக்கொண்டார், ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. ஏடுகளில் அது இன்றும் ஒரு இன்ஃபீல்டு சிங்கிள்.

டபுள்: அடி பாதி, மூலை பாதி

டபுளில் முக்கால்வாசி இரண்டு வகைக்குள் அடங்கும். கோட்டை ஒட்டி மூலைக்கு ஓடுவது ஒன்று, இரண்டு அவுட்ஃபீல்டர்களுக்கு நடுவில் பிளந்துகொண்டு போவது இன்னொன்று. இரண்டுக்கும் "கை" போடலாம். கோட்டோரம் போனதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கும், ஏனென்றால் ஓரடி தள்ளியிருந்தால் கோட்டுக்கு வெளியே போன ஃபௌல், ஹிட் ஆகாது.

நீங்கள் தேடவேண்டியது மூன்றாவது வகை. சாதாரண சிங்கிளாக முடியவேண்டிய பந்து. அவுட்ஃபீல்டர் சாவகாசமாகக் குனிகிறார், பேட்டர் முதல் பேஸில் நிற்காமல் திரும்பிவிடுகிறார். டிவி கேமரா பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டாவது பேஸில் சறுக்கி விழுந்திருப்பார். இதற்குப் பெரிதாக "கா" எழுதுங்கள்.

பந்து ஒரு தடவை குத்தி வேலிக்கு மேலே துள்ளிப் போய்விட்டால் தானாகவே இரண்டு பேஸ். இதற்கு "இ". பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர் ஒன்று நிற்கிறது, ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 310 அடிதான். மற்ற ஊரில் லெஃப்ட் ஃபீல்டர் சாதாரணமாகப் பிடித்துவிடுகிற பந்து அங்கே சுவரில் பட்டு டபுள் ஆகும். மற்ற ஊரில் தாழ்வாகப் பறந்து ஹோம் ரன் ஆகவேண்டியதும் அதே சுவரில் இடித்து டபுள் ஆகும். சில நேரம் அடி பலமாகிப் பந்து சீக்கிரமே திரும்பி வந்துவிடுவதால் வெறும் சிங்கிளோடு நிற்கவேண்டியதும் உண்டு. ஒரு சீசனில் 67 டபுள் என்ற சாதனை இன்னும் ஏர்ல் வெப் பெயரில் இருக்கிறது. 1931-ல் பாஸ்டனுக்காக அடித்தது.

ட்ரிபிள்: பந்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

ட்ரிபிளுக்கு என் நான்கு எழுத்தில் குறைந்தபட்சம் மூன்று எழுத்து ஒன்றுசேர வேண்டியிருக்கும். அதனால்தான் அது அரிது. அடி பலமாக இருக்கவேண்டும், ஆனால் வேலியைத் தாண்டும் அளவுக்குப் பலம் கூடாது. விழுகிற இடம் ஆழமாக இருக்கவேண்டும். ஓடுகிறவருக்குக் காலில் வேகம் வேண்டும். பந்து ஒரு மூலையில் சிக்கிக்கொண்டாலோ சுவரில் பட்டுத் தாறுமாறாகத் துள்ளினாலோ இன்னும் நல்லது. இதில் ஒன்று குறைந்தாலும் டபுள்தான். ஒன்று கூடிப்போனால் ஹோம் ரன்.

டைகர்ஸிலிருந்தே இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிகேல் கப்ரேரா 21 சீசன் ஆடி 511 ஹோம் ரன், 627 டபுள் அடித்தார். ட்ரிபிள் எத்தனை? 17. மொத்த ஆட்டவாழ்க்கைக்கும் சேர்த்துத்தான். கர்ட்டிஸ் கிராண்டர்சன் 2007-ல் ஒரே சீசனில் 23 ட்ரிபிள் அடித்தார். 1949-க்குப் பிறகு யாரும் ஒரு சீசனில் அத்தனை அடித்ததில்லை. கப்ரேராவின் கைக்கு முன் நிற்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், ஆனால் கனத்த உடம்பு, மெதுவான கால். கிராண்டர்சன் ஒல்லி, இடது கை, நல்ல வேகம். அதோடு அவர் ஆடிய மைதானமும் தோதானது. கொமெரிக்கா பார்க்கின் சென்டர் ஃபீல்டு அப்போது 420 அடி ஆழம். 2023-ல்தான் அதை 412 ஆக்கினார்கள். காவேரிக்கரையில் நெல் விளைகிற மாதிரி இந்த ஊரில் ட்ரிபிள் விளைந்திருக்கிறது. வாழ்நாள் சாதனையான 309 ட்ரிபிளை வைத்திருக்கும் சாம் க்ராஃபோர்டும், அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் டை காப்பும் நெடுங்காலம் டெட்ராய்ட்டில் ஒரே டீமில் ஆடியவர்கள்.

இடது கை என்று சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. இடது கைக்காரர் இழுத்து அடித்தால் பந்து வலது மூலைக்குப் போகும். அங்கிருந்து மூன்றாவது பேஸுக்கு எறிவதுதான் மைதானத்திலேயே நீளமான எறிகளில் ஒன்று. இடது மூலையில் விழுந்தால் லெஃப்ட் ஃபீல்டருக்கு மூன்றாவது பேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அந்தப் பக்கம் ட்ரிபிள் எடுப்பவர் ஒன்று மின்னலாக இருக்கவேண்டும், அல்லது ஃபீல்டர் தடுக்கி விழுந்திருக்கவேண்டும்.

பார்க்கும் முறை இதுதான். பந்து வலது பக்க இடைவெளியில் போவது தெரிந்தவுடன் கண்ணைப் பந்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஓடுகிறவர் முதல் பேஸை எப்படித் திரும்புகிறார் என்று பாருங்கள். ட்ரிபிளை மனதில் வைத்தவர் பேஸுக்கு வருவதற்கு முன்பே வெளிப்பக்கமாகக் கொஞ்சம் அகன்று வந்து, பேஸின் உள்மூலையை மிதித்து, உடம்பை உள்ளே சாய்த்துக்கொண்டு நேராக இரண்டாவது பேஸுக்குப் பாய்வார். மனதில் டபுளோடு நிற்கிறவரின் கால் முதல் பேஸிலேயே லேசாகத் தளரும். இரண்டாவது பேஸை நெருங்கும்போது அவர் தலையைக் கவனியுங்கள். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் அரை எட்டு போய்விடும். அதனால் எதிரே மூன்றாவது பேஸ் கோச்சைத்தான் பார்ப்பார். கோச் ஒரு கையைச் சுழற்றினால் வா, இரண்டு உள்ளங்கையையும் காட்டினால் நில். கோச் நில் என்று காட்டிய பிறகும் ஓடுகிறவர்கள் உண்டு, அப்போது பக்கத்தில் இருக்கிறவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 270 அடி. சராசரி மேஜர் லீக் ஆட்டக்காரரின் உச்ச வேகம் விநாடிக்கு 27 அடி, 30 அடி தொட்டால் முதல்தர ஓட்டக்காரர்.

இங்கே கோச்சுகள் சொல்லும் ஒரு பழைய பாடம் உண்டு: மூன்றாவது பேஸில் முதல் அவுட்டும் ஆகாதே, மூன்றாவது அவுட்டும் ஆகாதே. யாரும் அவுட்டாகாதபோது இரண்டாவது பேஸிலேயே நின்றாலும் பின்னால் வருகிறவர்கள் அடித்து அவரை ஹோமுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், இருவர் அவுட்டானபின் மூன்றாவது பேஸில் நின்றும் பெரிய லாபம் இல்லை. ஆக, ட்ரிபிளுக்கு ஓடலாமா என்பதில் துணிச்சலோடு கணக்கும் கலந்திருக்கிறது. ஒருவர் மட்டும் அவுட்டான நேரத்தில்தான் மனசாரத் துரத்துவார்கள். முடியக்கூடிய எத்தனையோ ட்ரிபிள் இந்தக் கணக்கால் டபுளாகவே நின்றுவிடுகிறது.

பழைய காலத்தில் கதையே வேறு. பந்து தொய்வானது, மைதானங்கள் பரந்தவை, வேலிகள் எங்கோ இருந்தன. அந்தக் காலத்தில் ட்ரிபிள் அதிகம், ஹோம் ரன் குறைவு. 1912-ல் பிட்ஸ்பர்கின் ஓவன் வில்சன் 36 ட்ரிபிள் அடித்தார், அதன் பிறகு யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 1909-ல் டை காப் 9 ஹோம் ரன்னோடு அமெரிக்கன் லீக்கில் முதலிடம். அந்த ஒன்பதும் மைதானத்துக்குள்ளேயே ஓடி எடுத்தவை.

ஹோம் ரன்னைப் பற்றி மாமாவுக்குச் சொன்னது

ஹோம் ரன் சுலபம் என்று நான் சொல்லவில்லை. பலமும் கோணமும் ஒரே அடியில் சேரவேண்டும். பந்து மணிக்கு 98 மைல் வேகத்தில் பேட்டை விட்டு 26 முதல் 30 டிகிரி கோணத்தில் கிளம்பினால் அது ஆபத்தான அடி என்று மேஜர் லீக் அளவீட்டில் தனியாகவே குறிப்பார்கள். அதே வேகத்தில் 5 டிகிரியில் கிளம்பினால் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்குள் போய் உட்காரும். ஆனால் ஹோம் ரன்னுக்கு வேண்டியதெல்லாம் பேட்டரின் கையிலேயே இருக்கிறது. பந்து வேலியைத் தாண்டிவிட்டால் யாருடைய கால் வேகமும் யாருடைய எறியும் தேவையில்லை. கப்ரேரா நடந்தே வந்தாலும் நான்கு பேஸ்தான். கையில் பலம் உள்ளவர்களுக்கு ட்ரிபிளைவிட இது எளிதில் வாய்ப்பது இதனால்தான்.

"இ" போடவேண்டிய ஹோம் ரன்னும் நிறைய. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் வலது கோட்டோரம் 314 அடிதான். அங்கே முதல் வரிசையில் விழும் பந்து கொமெரிக்கா பார்க்கின் வலது மையத்தில் என்றால் கைக்குள் போய்விடும். கொலராடோவின் கூர்ஸ் ஃபீல்டு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். அதைச் சரிக்கட்ட வேலியைத் தள்ளி வைத்தார்கள், அதனால் அவுட்ஃபீல்டு விரிந்து ட்ரிபிளும் பெருகிவிட்டது. எதிர்ப்பக்கம் அடிக்கும் ஹோம் ரன்னுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "கை" போடுங்கள். கப்ரேராவின் 500-வது, 2021 ஆகஸ்ட் 22 டொரண்டோவில், அப்படி வலது மையத்தின் மேலே போனதுதான்.

மைதானத்துக்குள்ளேயே ஓடி எடுக்கும் ஹோம் ரன் இன்று இருப்பவற்றிலேயே அரிதானது. ஆனால் அதில் "த" இல்லாமல் பார்ப்பது அபூர்வம். அவுட்ஃபீல்டர் பாய்ந்து தவறவிட்டிருப்பார், அல்லது பந்து சுவரின் முனையில் பட்டு ஆளில்லாத பக்கம் ஓடியிருக்கும். 2017-ல் மினசோட்டாவின் பைரன் பக்ஸ்டன் 13.85 விநாடியில் நான்கு பேஸையும் சுற்றினார். நட்சத்திர ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் இப்படி ஒன்றை அடித்த முதல் ஆள் இச்சிரோ, 2007-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில். வலது சுவரில் பட்ட பந்து ஃபீல்டர் எதிர்பாராத பக்கம் துள்ளியது.

நான்கு வகையையும் ஒரே ஆட்டத்தில் அடிப்பதை சைக்கிள் என்பார்கள். பாதிப் பேர் நிற்பது ட்ரிபிள் இல்லாமல்தான். எட்டாவது இன்னிங்ஸில் ஒருவருக்குச் சிங்கிள் மட்டும் பாக்கி என்றால் மைதானம் சாதாரணமாக இருக்கும். ட்ரிபிள் பாக்கி என்றால் அவர் பேட்டோடு வரும்போதே எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள், அப்புறம் தொண்ணூறு சதவீதம் ஏமாற்றம். கிறிஸ்டியன் யெலிச் மூன்று சைக்கிள் அடித்திருக்கிறார், மூன்றும் சின்சினாட்டிக்கு எதிராக. சின்சினாட்டிக்காரர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

குட்டிப் பசங்க ஆட்டத்தில் இந்த வரிசை செல்லாது

உங்கள் பிள்ளை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து எடை போடுவதாக இருந்தால் மேலே சொன்னதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். லிட்டில் லீகில் பேஸுக்குப் பேஸ் 60 அடி, பிட்ச்சரின் தூரம் 46 அடி. வேலிக்கு மேலே அடிப்பது பத்து வயதில் பெரும்பாலும் நடக்காது. ஆனால் "ஹோம் ரன்" வாரா வாரம் நடக்கும்: ரைட் ஃபீல்டில் பையன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான், பந்து அவன் காலுக்கு நடுவில் போகும், எடுத்து எறிந்தால் மூன்றாவது பேஸுக்கு மேலே பறக்கும், எல்லோரும் "ஓடு, ஓடு" என்று கத்துவார்கள். ஸ்கோர் புத்தகத்தில் அது ஒரு சிங்கிள், இரண்டு எரர், அதாவது ஃபீல்டர் பிழை. அந்தப் பையனின் அப்பா ஆட்டம் முடிந்ததும் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்.

விதி சொல்வது என்னவென்றால், சாதாரண முயற்சியில் ஃபீல்டர் முடித்திருக்கக்கூடிய பந்தா என்று பார்த்து, ஆம் என்றால் எரர், இல்லை என்றால் ஹிட். ஃபீல்டர் பந்தைத் தொடவே இல்லை என்பதால் மட்டும் ஹிட் ஆகிவிடாது. வெயில் கண்ணில் அடித்து விட்டுவிட்டான் என்றால் பொதுவாக ஹிட்தான் போடுவார்கள். அதேபோல, பேட்டர் முதல் பேஸைத் தாண்டி ஓடியது வேறு யாரையோ அவுட்டாக்க ஹோமுக்கு எறிந்ததால் என்றால் அது டபுள் இல்லை. சிங்கிளும், எறியில் கிடைத்த ஒரு பேஸும். பெற்றோரிடம் இதைப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொல்லுங்கள், குரலை உயர்த்தினால் அடுத்த வாரம் ஆரஞ்சுப் பழம் கொண்டுவரும் முறை உங்களுக்கே வந்து சேரும்.

இந்த வயதில் எனக்கு அதிக மதிப்புள்ள ஹிட், நடுவில் தாழ்வாகப் பாய்ந்து பிட்ச்சரைத் தாண்டிப் போகிற லைன் டிரைவ் சிங்கிள். யார் தயவும் இல்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

கொமெரிக்கா பார்க்குக்கு நேரில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கீழ்வரிசை டிக்கெட்டுக்குக் காசைக் கொட்டாமல் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல் அடுக்கில் வாங்குங்கள். வலது மூலை, ஓடுகிறவர், மூன்றாவது பேஸ் கோச்சின் கை எல்லாம் ஒரே பார்வையில் அங்கிருந்துதான் தெரியும். கீழே உட்கார்ந்தால் மூலையில் சிக்கிய பந்து கண்ணுக்கே வராது. மாமா இப்போது பைனாகுலர் கேட்கிறார், கோச்சின் கையைப் பார்க்க வேண்டுமாம்.